கேட்டுப் பார்த்து வாங்குங்கள்: பார்வையற்றவர்கள் கணினியும் கைபேசியும் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

என் முதல் மடிக்கணினியைத் தேர்ந்தெடுத்தவர் சித்தப்பா. நல்ல மனதோடுதான் செய்தார். பெரிய திரை, வழவழப்பான மூடி, தூக்கினால் எடையே தெரியாது. வீட்டுக்கு வந்து திறந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. மேல் அம்பும் கீழ் அம்பும் ஒரே விசையின் இடத்தில் பாதிப் பாதியாக ஒடுங்கிக் கிடந்தன. ஹோம், எண்ட் விசைகள் தனியாக இல்லவே இல்லை. ஒரு வரி கீழே போக அழுத்தினால் மேலே போய்விடும். திரையைப் பார்க்காத எனக்கு அந்தப் பெரிய திரையால் எந்தப் பயனும் இல்லை. நாள் முழுக்க என் விரல் படுகிற விசைப்பலகையோ அந்தப் பெட்டியிலேயே மட்டமான பகுதி. மூன்று வருடம் அதோடு மல்லுக்கட்டினேன்.

அதற்குப் பிறகு வாங்கிய ஒவ்வொன்றையும் நானே கையால் தடவி, காதால் கேட்டுத்தான் வாங்கினேன். முதல்முறை வாங்கப் போகிறவர்களும் அப்படியே செய்ய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். பார்வை அறவே இல்லாதவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன். குறைபார்வை உள்ளவர்களுக்குத் திரையின் அளவும் வெளிச்சமும் எழுத்தின் அழுத்தமும் முக்கியம். திரையைப் பற்றி நான் கீழே சொல்வதை அவர்கள் விட்டுவிடலாம்; மற்றவை அவர்களுக்கும் பொருந்தும்.

முதல் படி: வேலையைச் சொல்லுங்கள், கருவியை அல்ல

கடைக்குப் போவதற்கு முன்னால், அந்தக் கருவியில் என்னென்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு பத்து வேலையைச் சொல்லிப் பாருங்கள். பாடம் படிப்பது, தேர்வுக்கு எழுதுவது, அலுவலகக் கணக்குத் தாள், வங்கி, செய்தி அனுப்புவது, தாளில் இருப்பதைப் படித்துக் காட்டச் சொல்வது, வழி கேட்டு நடப்பது. நீளமாக எழுதுவதும் கோப்புகளோடு மல்லாடுவதும் உங்கள் பட்டியலில் அதிகம் என்றால் முதலில் கணினி. பேச்சு, பணம், வழி, தாள் படிப்பது இவையே அதிகம் என்றால் முதலில் கைபேசி. இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டும் என்று நினைத்து இரண்டையும் மட்டமாக வாங்குவதைவிட ஒன்றை நல்லதாக வாங்குங்கள். மற்றது அப்புறம் வரட்டும்.

பட்டியலில் இருக்கும் செயலிகளில் எது இல்லாவிட்டால் வேலையே நின்றுவிடுமோ அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதே செயலியை அதே வகைக் கருவியில் பயன்படுத்துகிற இன்னொரு பார்வையற்றவரிடம் பேசுங்கள். ஒரே வங்கிச் செயலி ஐபோனில் ஒழுங்காகப் பேசும், ஆண்ட்ராய்டில் பொத்தான்களுக்குப் பெயரே சொல்லாது. நேர்மாறாகவும் நடக்கும். இதைக் கடைக்காரரால் சொல்ல முடியாது. தினமும் பயன்படுத்துகிறவருக்குத்தான் தெரியும்.

இரண்டாம் படி: திரைவாசிப்பான் முதலில், பெட்டி பிறகு

நாம் பேசுவதும் கேட்பதும், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானோடுதான். அதனால் எந்தத் திரைவாசிப்பான் என்று முடிவு செய்துவிட்டு, அது நன்றாக ஓடும் பெட்டியைத் தேடுவதே சரியான வரிசை.

விண்டோஸ் கணினியில் மூன்று உண்டு. என்விடிஏ இலவசம். மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலியர் 2006இல் தொடங்கினார், அவரும் பார்வையற்றவர். ஜாஸ் கட்டணம் உள்ளது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்திலிருந்தே இருக்கிறது, பல அலுவலகங்களில் இன்றும் அதுதான் ஓடுகிறது. மூன்றாவது நாரேட்டர், விண்டோஸோடு கூடவே வருவது. புதியவர்களுக்கு நான் சொல்வது என்விடிஏ. காசு இல்லாமல் தொடங்கலாம், தமிழையும் பேசும் ஈஸ்பீக் குரல் அதோடு சேர்ந்தே வருகிறது. அந்தக் குரல் இயந்திரத்தனமாக இருக்கும், ஒரு வாரத்தில் காது பழகிவிடும். வேலைக்குப் போகும் இடத்தில் ஜாஸ்தான் என்று தெரிந்தால் அதைப் பிறகு கற்றுக்கொள்வது பெரிய பாடு இல்லை.

மேக் கணினியில் வாய்ஸ்ஓவர், 2005இலிருந்து கூடவே வருகிறது. குரோம்புக்கில் குரோம்வாக்ஸ், லினக்ஸில் ஆர்கா. மூன்றுமே வேலை செய்யும். ஆனால் சந்தேகம் வந்தால் கேட்க உங்களைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். தொடக்கத்தில் ஒரு நண்பர் பக்கத்தில் இருப்பது எந்தத் தொழில்நுட்பத்தையும்விடப் பெரிய பலம்.

கைபேசியில் இரண்டே வழி. ஐபோனில் வாய்ஸ்ஓவர், 2009இல் 3ஜிஎஸ் மாடலோடு வந்தது. ஆண்ட்ராய்டில் டாக்பேக், அதுவும் 2009இல்தான் வந்தது. வாய்ஸ்ஓவர் எந்த ஐபோனிலும் ஒரே மாதிரி இருக்கும். டாக்பேக் அப்படி இல்லை. ஆண்ட்ராய்டை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு மாற்றுவதால், ஒரு போனில் சொன்னபடி கேட்கும் டாக்பேக் இன்னொரு போனில் திக்கித் திணறும். ஆகவே ஆண்ட்ராய்டு வாங்குகிறவர் கடையில் கூடுதல் நேரம் செலவிட வேண்டும்.

திரை எழுத்தை விரலால் தடவிப் படிக்கும் புள்ளிகளாகக் காட்டும் பிரெய்ல் காட்சிக் கருவி வைத்திருப்பவர்கள், அந்த மாடலின் பெயர் திரைவாசிப்பானின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஏஆர்எம் வகை பிராசசர் உள்ள விண்டோஸ் கணினி வாங்க நினைத்தால் இது இன்னும் அவசியம். பழைய பிரெய்ல் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் இயக்கி மென்பொருள்களும் சில குரல் மென்பொருள்களும் அதில் ஓடாமல் போகலாம்.

எங்கே செலவழிக்கலாம், எங்கே மிச்சம் பிடிக்கலாம்

இதில் நமக்கு ஒரு சலுகை இருக்கிறது. நுணுக்கமான திரை, விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் அட்டை, தொடுதிரை மடிக்கணினி என்று விலையை ஏற்றும் பல அம்சங்கள் நமக்கு வேண்டாம். அந்தப் பணத்தை நினைவகத்திலும் பிராசசரிலும் போடுங்கள். திரைவாசிப்பான் எப்போதும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். கணினி ஒரு விநாடி திணறினால் பார்க்கிறவருக்குச் சுட்டி சற்றே நின்று நகரும், அவ்வளவுதான். நமக்கோ பேச்சே நின்றுபோகும். என்ன நடக்கிறது என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்போம். கணினியில் 8 ஜிபி நினைவகம் குறைந்தபட்சம், 16 இருந்தால் பல வருடம் கவலையில்லை. சேமிப்பு எஸ்எஸ்டி ஆகத்தான் இருக்க வேண்டும், சுழலும் வட்டு வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் 6 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து.

கேமராவில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பார்க்காதவருக்குக் கேமரா எதற்கு என்று கேட்பார்கள். சீயிங் ஏஐ, லுக்அவுட் போன்ற செயலிகள் தாளையும் மருந்துப் பெட்டியையும் படித்துச் சொல்வது அந்தக் கேமராவால்தான். பீ மை ஐஸ் மூலம் தன்னார்வலர் ஒருவர் நமக்காகப் பார்ப்பதும் அதே கேமரா வழியாகத்தான். பின்பக்கக் கேமராவுக்குத் தானாகக் குவியும் வசதி இருக்க வேண்டும். அது இல்லாத மலிவு போன்களில் சிறிய எழுத்து மங்கலாகவே விழும்.

இன்னொன்று, விண்டோஸ் எஸ் மோட். சில மலிவு மடிக்கணினிகள் இதில்தான் வருகின்றன. மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவ விடாது. என்விடிஏவை இறக்கி நிறுவ முடியாமல் திகைத்து நிற்பீர்கள். இதிலிருந்து வெளியேறுவது இலவசம், ஆனால் திரும்பி வர முடியாது. கடையிலேயே கேட்டு மாற்றச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: விசைப்பலகையைத் தடவிப் பாருங்கள்

மடிக்கணினி வாங்குகிறவர்கள் இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். கணினியை இயக்காமலேயே கையை வையுங்கள். எஃப், ஜே விசைகளில் சிறு மேடு தெளிவாகத் தட்டுப்படுகிறதா? எஃப்1 முதல் எஃப்12 வரை நான்கு நான்காக இடைவெளி விட்டிருக்கிறதா, ஒரே கோடாக ஓடுகிறதா? இடைவெளி இருந்தால் எஃப்5 எங்கே என்று எண்ண வேண்டியதில்லை. மேல்வரிசை விசைகள் மேடாக, அழுத்தினால் இறங்குவதாக இருக்க வேண்டும். சில மாடல்களில் அந்த வரிசை முழுக்கத் தட்டையான தொடுபரப்பு. நமக்கு அது ஆகவே ஆகாது.

அடுத்து அம்பு விசைகள். நான்கும் தனித்தனியே, விரலுக்குப் பிரிந்து தெரிய வேண்டும். ஹோம், எண்ட், பேஜ் அப், பேஜ் டவுன், டெலீட், இன்சர்ட் ஆறும் தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்தித்தான் இவை வரும் என்றால் ஒவ்வொரு வாக்கியத் திருத்தத்துக்கும் இரண்டு கை வேண்டும். இன்சர்ட் விசை என்விடிஏவுக்கும் ஜாஸுக்கும் உயிர் மாதிரி. அது இல்லாவிட்டால் என்விடிஏவில் கேப்ஸ் லாக்கை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம், பழகிவிடும். மெனு விசை பல மாடல்களில் காணாமல் போய்விட்டது. 2024 முதல் வரும் பல மடிக்கணினிகளில் அந்த இடத்தில் கோபைலட் விசை உட்கார்ந்திருக்கிறது. ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்தினால் அதே மெனு வரும் என்பதால் இதற்காக நல்ல கணினியைத் தள்ள வேண்டாம்.

வலது ஓரத்தில் எண் விசைகள் தனியாக இருந்தால் கணக்கு வேலைக்கும் திரையை வரிவரியாக ஆராயவும் வசதி. ஆனால் அதற்காக அம்பு விசைகளை ஒடுக்கிவிட்டிருந்தால் நான் வாங்க மாட்டேன். இயக்கும் பொத்தான் டெலீட்டுக்குப் பக்கத்தில் அதே வடிவில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: கடையில் கணினியைப் பேச வையுங்கள்

வீட்டிலிருந்து புறப்படும்போது ஒரு பென்டிரைவில் என்விடிஏவின் கையடக்கப் பிரதியை ஏற்றிக்கொள்ளுங்கள். என்விடிஏ மெனுவில் கருவிகள் பகுதியில் அதை உருவாக்கும் வசதி இருக்கிறது. கணினியில் எதையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும். கடையில் அதைச் செருக விடவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம்: விண்டோஸ் விசை, கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், நாரேட்டர் பேசத் தொடங்கும். மேக் என்றால் கமாண்டோடு எஃப்5, குரோம்புக் என்றால் கண்ட்ரோல், ஆல்ட், இசட்.

பேசத் தொடங்கியதும் இன்சர்ட்டோடு 1 அழுத்துங்கள். நாரேட்டரிலும் என்விடிஏவிலும் இது விசைகளைக் கற்கும் நிலை. இனி எந்த விசையை அழுத்தினாலும் அதன் பெயரைச் சொல்லும், வேறெதுவும் செய்யாது. விசைப்பலகை முழுவதையும் இப்படிப் பெயர் சொல்ல வைத்துவிடலாம். திரும்ப அதையே அழுத்தினால் பழைய நிலை.

பிறகு நோட்பேடைத் திறந்து ஒரு பத்தி தட்டுங்கள். விசை அழுத்துவதற்கும் எழுத்தின் பெயர் காதில் விழுவதற்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா? கண்ட்ரோல் விசையைத் தட்டினால் பேச்சு உடனே நிற்க வேண்டும். இழுத்துக்கொண்டு நின்றால் அந்தக் கணினி வேலைப் பளுவில் தவிக்கிறது என்று அர்த்தம். ஐந்து விநாடி சும்மா இருந்துவிட்டு ஒரு அம்பு விசையைத் தட்டிப் பாருங்கள். சில கணினிகளில் ஒலி அட்டை மின்சாரம் மிச்சம் பிடிக்க உறங்கிவிடும். முதல் அசையை விழுங்கிவிட்டுப் பேசும். கோப்பு என்பது 'ப்பு' என்று கேட்கும். அமைப்புகளில் சரிசெய்ய வாய்ப்புண்டு என்றாலும் தெரிந்தே வாங்குங்கள்.

ஒலிபெருக்கி அடிப்பக்கத்தில் இருந்தால் மடியில் வைத்ததும் குரல் அமுங்கிப் போகும். மேசையிலும் மடியிலும் இரண்டு விதமாகவும் கேட்டுப் பாருங்கள். கம்பி இயர்போன் செருகும் துளை இருப்பது பெரிய நன்மை. ப்ளூடூத்தில் பேச்சு சற்றுத் தாமதமாக வரும். பாட்டுக்கு அது பரவாயில்லை. எழுத்து எழுத்தாகத் திருத்தும்போது பொறுமையைச் சோதிக்கும்.

ஐந்தாம் படி: கைபேசியோடு கால் மணி நேரம்

முதலில் கடைக்காரரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: "இதைப் போட்டால் போன் வேறு மாதிரி நடந்துகொள்ளும், பழுதாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். போகும்போது நானே அணைத்துத் தருகிறேன்." திரைவாசிப்பான் ஓடும்போது ஒரு தட்டு படித்துக் காட்ட மட்டும்தான், இரண்டு தட்டினால்தான் திறக்கும். இது தெரியாத விற்பனையாளர்கள் பதறிப்போய்ப் போனைப் பிடுங்கிய அனுபவம் எனக்கு உண்டு.

ஆண்ட்ராய்டில் ஒலி கூட்டும் குறைக்கும் விசைகள் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி பிடியுங்கள். டாக்பேக் வரவில்லை என்றால் அணுகல்தன்மை அமைப்புகளில் போய் இயக்கித் தரச் சொல்லுங்கள். ஐபோனில் சிரி என்ற குரல் உதவியாளரிடம் சொல்லியே வாய்ஸ்ஓவரை இயக்கலாம். புதிதாகப் பெட்டி பிரித்த ஐபோனில் பக்கவாட்டு விசையை மூன்று முறை தட்டினால் முதல் திரையிலிருந்தே பேசும். பார்வையுள்ள ஒருவர் துணையின்றிப் பெட்டியிலிருந்து எடுத்துத் தானே அமைத்துக்கொள்ள முடிவது எவ்வளவு பெரிய விடுதலை என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது விரலால் வலப்பக்கம் தள்ளித் தள்ளி முகப்புத் திரையைச் சுற்றி வாருங்கள். "பெயரிடப்படாத பொத்தான்" என்று எத்தனை இடத்தில் வருகிறது? நிறுவனமே கொடுத்த தொலைபேசி, செய்தி, கடிகாரச் செயலிகளில் அது வந்தால் அந்த போனை வைத்துவிடுங்கள். பூட்டுத் திரையில் விளம்பரமோ செய்தியோ தானாக வந்து குதிக்கிறதா என்றும் கவனியுங்கள். நாம் ஒன்றைத் தட்டப் போகும் நேரத்தில் அவை கவனத்தை வேறெங்கோ இழுத்துவிடும்.

அடுத்து நண்பரை அழைக்கச் சொல்லுங்கள். இரண்டு விரலால் இரண்டு முறை தட்டினால் அழைப்பை எடுக்க முடிகிறதா? போனைக் காதில் வையுங்கள். திரை அணைந்து டாக்பேக் அமைதியாக வேண்டும். சில மலிவு போன்களில் முகம் நெருங்குவதை உணரும் தனி உணரி இல்லை. மென்பொருளே ஊகித்துக்கொள்கிறது, அடிக்கடி தவறவும் விடுகிறது. கன்னம் பட்டுப் பட்டு எதையாவது படித்துக்கொண்டே இருக்கும், எதிரே பேசுகிறவர் குரல் கேட்காது. இதை வீட்டுக்கு வந்து கண்டுபிடிப்பது வேதனை.

தமிழ்க் குரலையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். கூகுள் குரலில் தமிழ் இருக்கிறது, ஐபோனிலும் இருக்கிறது. தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு செய்தியை நண்பரை அனுப்பச் சொல்லிப் படிக்க விடுங்கள். நாம் தினமும் பெறும் செய்திகள் அப்படித்தானே இருக்கின்றன! எண்களை எந்த மொழியில் சொல்கிறது, ஆங்கிலச் சொல்லை எப்படி உச்சரிக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் பழைய தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்து அது உளறினால் கருவியைக் குற்றம் சொல்லாதீர்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டியவை எந்தத் திரைவாசிப்பானுக்கும் புரியாது. அவற்றை மாற்றியில் போட்டு மாற்றித்தான் படிக்க வேண்டும்.

உடலமைப்பைப் பற்றியும் ஓரிரு சொல். விளிம்பு வளைந்த திரை வேண்டாம். பிடிக்கும்போதே விரல் பட்டு ஏதாவது திறந்துவிடும். கைரேகை உணரி பக்கவாட்டு விசையிலேயே இருப்பது உத்தமம். திரைக்கு அடியில் இருந்தால் வழவழப்பான கண்ணாடியில் அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். ஐபோனின் முகப் பூட்டு, கண் அதை நோக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். வாய்ஸ்ஓவரை முதல் அமைப்பின்போதே இயக்கியிருந்தால் அந்த நிபந்தனை தானாக விலகிவிடும். பிறகு இயக்கியவர்கள் அமைப்புகளில் அணைத்துக்கொள்ளலாம்.

பழைய கருவி வாங்குகிறவர்களுக்கு

பழையது வாங்குவதில் தவறில்லை. நல்ல விசைப்பலகை உள்ள பழைய அலுவலக மடிக்கணினிகள் நமக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறுமா என்று கேளுங்கள். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். கைபேசியில் இன்னும் எத்தனை வருடம் புதுப்பிப்பு வரும் என்று பாருங்கள். கூகுள் பிக்சல் 8 முதலும் சாம்சங் எஸ்24 முதலும் ஏழு வருடம் என்று அந்த நிறுவனங்கள் அறிவித்திருக்கின்றன. புதுப்பிப்பு நின்றால் பாதுகாப்பு மட்டும் போகாது. காலப்போக்கில் திரைவாசிப்பானின் புதிய பதிப்பும் அதில் வராமல் போகும்.

மைக்ரோ யூஎஸ்பி சார்ஜர் துளை உள்ளதை முடிந்தவரை தவிருங்கள். தலைகீழாகச் செருகி உடைப்பது நமக்கு எளிது. சி வகைத் துளையில் மேல் கீழ் வித்தியாசமே இல்லை.

வாங்கிய பிறகு

திருப்பித் தரும் காலம் எத்தனை நாள் என்பதை வாங்கும்போதே கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்த நாட்களில் கருவியை மென்மையாக நடத்த வேண்டாம். முதல் படியில் சொன்ன பத்து வேலைகளையும் செய்து பாருங்கள். முக்கியமாக, இரவு சார்ஜில் போட்டுவிட்டுக் காலையில் எடுக்கும்போது டாக்பேக் இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். சில ஆண்ட்ராய்டு போன்கள் மின்கலத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று திரைவாசிப்பானையே நிறுத்திவிடும். டாக்பேக்கையும் அதற்குக் குரல் தரும் மென்பொருளையும் மின்கலக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி வைத்தும் அப்படி நடந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

திரைத் திரைச்சீலையையும் அன்றே பழகிக்கொள்ளுங்கள். ஐபோனில் மூன்று விரலால் மூன்று முறை தட்டினால் திரை கறுத்துவிடும், குரல் மட்டும் ஓடும். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் நம் செய்தியைப் படிக்க முடியாது. என்விடிஏவிலும் டாக்பேக்கிலும் இதே வசதி உண்டு.

கணினி திறப்பதற்கு முன் வரும் பயாஸ் திரை எதிலும் பேசாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போக வேண்டி வந்தால் பார்வையுள்ள ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவரைக் காணொளி அழைப்பில் வைத்துத் திரையைக் காட்டியும் சமாளிக்கலாம். பேச்சு திடீரென்று நின்றால் மீட்டெடுக்கும் விசைச் சேர்க்கையை விரல்கள் மறக்காத அளவுக்கு இருபது முறை செய்து பழகுங்கள். என்விடிஏவுக்கு அது கண்ட்ரோல், ஆல்ட், என். அந்தப் பென்டிரைவை அழித்துவிடாமல் பையிலேயே வையுங்கள், வேறொருவர் கணினியில் வேலை செய்ய நேர்ந்தால் கைகொடுக்கும். பழைய கருவியை உடனே யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். புதியதில் தொடர்பு எண்களும் கோப்புகளும் வங்கிச் செயலியும் சரியாக வந்து சேர்ந்து, ஒரு மாதம் அதிலேயே எல்லாம் நடக்கிறது என்று உறுதியான பிறகு கொடுங்கள்.